வேலூர்ப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு பேட்டர்ன் லாங்குவேஜ் எழுதலாமா?

#1 காட்பாடி நிரலர்

வணக்கம். நான் நிரல் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் டிசைன் பேட்டர்ன் (திரும்பத் திரும்ப வரும் சிக்கலுக்குப் பழகிய தீர்வு வடிவம்) தெரியாதவர் கிடையாது. எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ் என்ற நால்வர் 1994-ல் 23 பேட்டர்ன்களைத் தொகுத்துப் புத்தகமாக்கினார்கள். இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகள் இன்றைக்கும் அதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் இந்த யோசனை பிறந்த இடம் கட்டடக்கலை. வியன்னாவில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் பெர்க்லியில் பாடம் நடத்திய கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டர், சாரா இஷிகாவா, மரே சில்வர்ஸ்டீன் முதலியவர்களோடு சேர்ந்து 1977-ல் 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்' என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். அதில் 253 பேட்டர்ன்கள். வட்டாரம், ஊர், தெரு என்று தொடங்கி, வீடு, அறை, ஜன்னல் என்று இறங்கி, சுவரில் மாட்டி வைக்கிற பொருள் வரைக்கும் வந்து நிற்கும்.

ஒவ்வொன்றுக்கும் அமைப்பு ஒன்றுதான். திரும்பத் திரும்ப வருகிற ஒரு பிரச்சினை. அது ஏன் வருகிறது, எந்தத் தேவையும் எந்தத் தேவையும் ஒன்றோடொன்று இழுபறி செய்கின்றன என்ற விளக்கம். பிறகு 'ஆகையால்' என்று தொடங்கும் தீர்வு. தனக்கு மேலே உள்ள எந்தப் பேட்டர்னை இது நிறைவு செய்கிறது, கீழே எந்தப் பேட்டர்ன்கள் இதை நிறைவு செய்யும் என்ற இணைப்பும் இருக்கும். எழுதியவர்களுக்கே எவ்வளவு நம்பிக்கை என்பதற்கு நட்சத்திரக் குறி: உறுதியானால் இரண்டு, ஓரளவு என்றால் ஒன்று, ஊகம் என்றால் ஒன்றுமில்லை.

இதை இங்கே எடுக்கக் காரணம், சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் எழும்புகிற புது வீடுகள். ஆர்சிசி பெட்டி, மேற்கே பெரிய கண்ணாடி ஜன்னல், முன்னால் மூன்றடி பால்கனி. கத்திரி வெயிலில் ராத்திரி பதினோரு மணிக்கும் மாடி அறைச் சுவரில் கை வைக்க முடியாது. ஆற்காட்டிலும் வாலாஜாவிலும் கொசப்பேட்டையிலும் இருந்த பழைய வீடுகளைக் கட்டியவர்களுக்கு இந்தச் சூட்டோடு எப்படிக் குடித்தனம் செய்வது என்று தெரிந்திருந்தது. அது காகிதத்தில் இல்லை, கையில் இருந்தது. வீட்டை இடிக்கும்போது அதுவும் போய்விடுகிறது. நாம் எழுதி வைக்கலாம்.

ஒரே விதி: விடையை மட்டும் எழுதக்கூடாது. பிரச்சினை, காரணம், ஆகையால், எங்கே பொருந்தாது என்று நான்கும் வேண்டும். முதலாவது என்னுடையது.

கிழக்குத் திண்ணை
பிரச்சினை: சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வீட்டுக்குள் இருக்க முடிவதில்லை, வெளியே உட்கார இடமும் இல்லை.
காரணம்: கூரைத் தளம் மதியம் வாங்கிய வெயிலை மாலையில் தொடங்கி நடுராத்திரி வரை உள்ளே இறக்குகிறது. அந்த நேரத்தில் வெளிக்காற்றுதான் குளுமை. சூரியன் மேற்கே சாய்ந்ததும் வீட்டின் கிழக்குப் பக்கம் வீட்டு நிழலிலேயே இருக்கிறது. அது போக, வயதானவர்களுக்குத் தெருவைப் பார்க்க வேண்டும், ஆனால் தெருவில் இருக்கக்கூடாது. கூடைக்காரம்மாவுக்குச் சுமையை இறக்கி வைக்க இடம் வேண்டும். வீட்டுக்குள் அழைக்கத் தேவையில்லாத ஆளிடம் நின்றபடியே எத்தனை நேரம் பேசுவது?
ஆகையால்: கிழக்கு வாசல் வீட்டில் வாசலின் ஒரு பக்கமாவது, கால் ஊன்றும் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம், மூன்றடி அகலத்துக்குக் குறையாத திண்ணை. சம்மணம் போட வேண்டும், ஆள் படுக்க வேண்டும். மேலே கூரை கட்டாயம். விளிம்பு கூராக இல்லாமல் உருட்டிப் பூசியிருக்க வேண்டும்.
எங்கே பொருந்தாது: மேற்குப் பார்த்த வாசல். அங்கே சாயங்கால வெயில் முழுக்கத் திண்ணை மேல்தான்.
நம்பிக்கை: இரண்டு நட்சத்திரம்.

அலெக்ஸாண்டர் பட்டியலில் 242-ஆவது, முன்வாசல் பெஞ்சு. அவர் சொல்லும் காரணமும் மனிதர்களுக்குத் தெருவைப் பார்க்கப் பிடிக்கும் என்பதுதான். வெயில் கணக்கு நம்முடையது.

#2 குடியாத்தம் மேஸ்திரி மகன்

நல்ல காரியம் அண்ணா. அப்பா மேஸ்திரி, நான் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு சைட் பார்க்கிறேன். இருபதடி முகப்பு மனையில் உங்கள் திண்ணை எங்கே போகிறது என்று சொல்கிறேன். பத்தடி கார் நிற்க, நாலடி மாடிப்படி, மீதி ஆறடி வாசல். அவ்வளவுதான். கார் வாங்காதவர்கூட நாளைக்கு வாங்குவோம் என்று போர்டிகோ கேட்கிறார். அப்புறம் கூலி சதுரக் கணக்கு. திண்ணையும் சதுரத்தில் வரும் என்று சொன்னதும், அது வேண்டாம், ஹாலை ஒரு அடி இழுத்துவிடு என்பார்கள்.

நான் செய்து பார்த்தது: போர்டிகோவின் பக்கச்சுவரை ஒட்டி ஒன்றேகால் அடி அகலத்தில் நீளமாக ஒரு மேடை. கார் பகலில் வெளியே போய்விடுகிறது. ஆறு ஏழு மணிக்கு முன்னால் வருவதில்லை. அதுவரை அது திண்ணை. கார் கதவு திறக்கும் உயரத்துக்குக் கீழே மேடை இருந்தால் இடிக்காது. படுக்க முடியாது, உட்கார முடியும். இதைத் தனிப் பேட்டர்னாகவே போடுங்கள்.

பால்கனி பற்றி அலெக்ஸாண்டர் எழுதியது (167-ஆவது பேட்டர்ன்) நூற்றுக்கு நூறு உண்மை. ஆறடி ஆழம் இல்லாத பால்கனியை யாரும் பயன்படுத்துவதில்லை என்கிறார். இரண்டு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து காலை நீட்ட அவ்வளவு வேண்டும். நம்மூர் அடுக்ககத்தின் மூன்றடி பால்கனியில் என்ன இருக்கிறது? துணிக்கொடி, வாஷிங் மெஷின், காலி சிலிண்டர். ஆனால் மூன்றடி ஏன் வருகிறது என்று கேட்டீர்களா? தூண் இல்லாமல் வெளியே நீட்டுகிற ஸ்லாபுக்கு மூன்றடிதான் சுலபம். ஆறடி நீட்டினால் கம்பிச் செலவு ஏறும், பின்பக்கம் பிடிமானம் வேண்டும், செட்பேக்கும் (மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி) இடிக்கும். அதற்கும் அந்தப் புத்தகத்திலேயே வழி இருக்கிறது. பால்கனியில் பாதியைக் கட்டடத்துக்குள் இழுத்துவிடு என்கிறார். மூன்றடி வெளியே, மூன்றடி உள்ளே. ஹாலில் மூன்றடி போகும். கொடுக்கத் தயாராக இருப்பவருக்கு நல்ல இடம் கிடைக்கும்.

#3 ஆம்பூர் நிரலர்

நானும் காட்பாடி நண்பர் தொழில்தான். உற்சாகத்தைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை, இது எங்கே போய் முடியும் என்று பார்த்திருப்பதால் சொல்கிறேன். அந்த 23 பேட்டர்ன்களைப் படித்துவிட்டு வருகிற பையன் முதல் வாரத்திலேயே மூன்று ஃபாக்டரி, இரண்டு ஸ்ட்ராட்டஜி, ஒரு சிங்கிள்டன் (எல்லாம் அந்த 23-ல் உள்ள பெயர்கள்) வைத்துவிடுகிறான். கேட்டால் 'பேட்டர்ன் சார்' என்பான். என்ன பிரச்சினைக்கு என்று கேட்டால் பதில் இல்லை. சிங்கிள்டனையே எடுங்கள். நிரலுக்குள் ஒரு வகைப் பொருள் (ஆப்ஜெக்ட்) ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதியது, கடைசியில் நிரல் முழுக்க யார் வேண்டுமானாலும் தொடக்கூடிய பொதுச்சொத்தாகிவிடுகிறது. டெஸ்ட் எழுத முடியாது. எழுதிய நால்வரில் ஒருவரான காமாவே 2009-ல் ஒரு பேட்டியில் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்ற பக்கம்தான் நின்றார். கணினி அறிஞர் பீட்டர் நார்விக் 1996-லேயே, லிஸ்ப், டிலன் மாதிரி நிரல் மொழிகளில் 23-ல் 16 பேட்டர்ன்கள் மிக எளிமையாகிவிடுகின்றன அல்லது கண்ணுக்கே தெரியாமல் போகின்றன என்று காட்டிவிட்டார். அதாவது பல பேட்டர்ன்கள் ஒரு மொழியின் போதாமைக்குப் போட்ட ஒட்டு.

வீட்டுக்கும் இதே கதை வரும். நீங்கள் பட்டியல் போடுவீர்கள், யாரோ அதை வீடியோவாகப் போடுவார்கள், அடுத்த வருஷம் மேற்குப் பார்த்த வீட்டிலும் திண்ணை கட்டி வெயிலில் காயவிடுவார்கள்.

#4 பாகாயம் லேப்

நான் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். நிரல் எழுதத் தெரியாது, நிரலோடு மல்லுக்கட்டத் தெரியும். ஆம்பூர் அண்ணா சொன்னதில் ஒரு சந்தேகம். முன்பு ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் வார்டுக்குப் போக வேண்டும், பில்லிங்குக்குப் போக வேண்டும், நோயாளிக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும். புதிதாக ஒரு பிரிவுக்கும் அனுப்பக் கேட்டால், லேப் மென்பொருளையே திறந்து மாற்ற வேண்டும் என்பார்கள். ஒவ்வொரு தடவையும் அரை நாள் லேப் நிற்கும். இதற்கெல்லாம் பேட்டர்ன் இருக்கிறதா?

#5 ஆம்பூர் நிரலர்

இருக்கிறதுங்க. அப்சர்வர் என்று பெயர். லேப் மென்பொருளுக்கு வார்டும் தெரிய வேண்டாம், பில்லிங்கும் தெரிய வேண்டாம். 'முடிவு வந்தால் எனக்குச் சொல்' என்று வேண்டியவர்கள் பெயர் கொடுத்து வைப்பார்கள். முடிவு வந்ததும் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் தகவல் போகும். புதுப் பிரிவு வந்தால் அது பெயர் கொடுத்துக்கொள்ளும், லேப் நிற்காது. ஆனால் அதற்கும் விலை உண்டு. யார் யாருக்குத் தகவல் போகிறது என்பது ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரியாது. வார்டுக்கு ஏன் வரவில்லை என்று தேடுகிறவருக்குத் தலைவலி. எந்த வரிசையில் போகும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

#6 காட்பாடி நிரலர்

ஆம்பூர் அண்ணா, நீங்கள் இப்போது எழுதியதுதான் பேட்டர்ன். லேப் தங்கை பிரச்சினையைச் சொன்னார், நீங்கள் காரணத்தையும் தீர்வையும் விலையையும் சொன்னீர்கள். அந்த 1994 புத்தகத்திலும் ஒவ்வொரு பேட்டர்னுக்கும் 'எப்போது பயன்படுத்தலாம்', 'விளைவுகள்' என்று தனித்தனிப் பகுதி இருக்கிறது. படம் போட்ட பகுதியை மட்டும் படித்துவிட்டு வருகிறவர்களால்தான் நீங்கள் சொன்ன சீரழிவு. அதற்காகத்தான் 'எங்கே பொருந்தாது' என்பதைக் கட்டாயம் ஆக்கினேன்.

இன்னொன்று. நிரலுக்குள் இந்த யோசனை நுழைந்த விதமே வேறு. 1987-ல் கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் என்ற இரண்டு நிரலர்கள் ஐந்தே ஐந்து பேட்டர்ன்கள் எழுதினார்கள், திரையில் வரும் ஜன்னல்களை வடிவமைக்க. ஸ்மால்டாக் என்ற நிரல் மொழிக்குப் புதியவர்கள், அந்த மென்பொருளைப் பயன்படுத்தப் போகிறவர்கள், அந்த ஐந்தை வைத்துத் தாங்களே திரையை வடிவமைத்தார்கள். அதே கன்னிங்ஹாம் 1995-ல் உலகின் முதல் விக்கியை உருவாக்கியதும் நிரல் பேட்டர்ன்களைப் பலர் சேர்ந்து எழுதத்தான். குடியிருக்கப் போகிறவர் தானே வடிவமைப்பது என்பது அலெக்ஸாண்டரின் அடிப்படை ஆசை. 1976-ல் மெக்சிகோவின் மெக்சிகாலியில் ஐந்து குடும்பங்களோடு சேர்ந்து அவர் வீடு கட்டினார். பேட்டர்ன்கள் பொது, வீடுகள் ஐந்தும் ஐந்து விதம். எனக்கு வேண்டியது அதுதான். என்ஜினியர் கைக்கு இன்னொரு கேட்லாக் போவதில் எனக்கு ஆர்வம் இல்லை. மனை வாங்கிய ஆள் மேஸ்திரியோடு உட்கார்ந்து பேசும்போது, 'எனக்கு இது ஏன் வேண்டும்' என்று சொல்ல அவர் வாயில் சொற்கள் இருக்க வேண்டும்.

#7 வாலாஜா வாத்தியார்

தம்பிகளா, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன் நான். ஒரு கேள்வி. இதெல்லாம் நம்மிடம் வாஸ்து என்ற பெயரில் ஏற்கெனவே இருக்கிறதே? அக்னி மூலையில் சமையல், கன்னி மூலையில் குடும்பத் தலைவர் படுக்கை, ஈசானியத்தில் தண்ணீர். அதுவும் பேட்டர்ன்தானே? வெள்ளைக்காரர் எழுதினால்தான் ஒத்துக்கொள்வோமா?

#8 காட்பாடி நிரலர்

ஐயா, நியாயமான கேள்வி. முதலில் ஒரு தகவல்: அலெக்ஸாண்டர் தன் பாடத்தில் ஒரு பகுதியைக் கற்றது நம் நாட்டில்தான். 1960-களின் தொடக்கத்தில் குஜராத் கிராமம் ஒன்றில் தங்கியிருந்தார். 1964-ல் வந்த அவருடைய 'நோட்ஸ் ஆன் த சிந்தசிஸ் ஆஃப் ஃபார்ம்' புத்தகத்தின் பின்னிணைப்பில், அறுநூறு பேர் வாழும் ஓர் இந்திய கிராமத்துக்கு 141 தேவைகளை வரிசையாக எழுதி, எது எதோடு மோதுகிறது, எது எதற்கு உதவுகிறது என்று கட்டங்கட்டமாகப் பிரித்திருக்கிறார்.

வாஸ்துவுக்கு வருகிறேன். கன்னி மூலையையே எடுப்போம். தென்மேற்கு அறையின் இரண்டு வெளிச்சுவரில் ஒன்று மேற்கு. மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை வெயில் நேராக அதில் அடிக்கிறது. மாடியிலும் அதே மூலை என்றால் மேலே கூரைச் சூடு வேறு. வேலூரில் மே மாதம் படுக்க அதைவிடப் புழுக்கமான அறை வீட்டில் கிடையாது. இப்போது விதியைச் சொன்னவரிடம் 'ஏன் தென்மேற்கு' என்று கேட்டால், நாம் எடை போட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு காரணம் கிடைப்பதில்லை. காரணம் கிடைத்தால்தான் இந்த ஊருக்கு, இந்த மனைக்கு அது பொருந்துமா என்று பார்க்க முடியும். நம்பிக்கையோடு கட்டுகிறவரை நான் தடுக்கவில்லை. அவருக்கு என் யோசனை: அறை அங்கேயே இருக்கட்டும், மேற்குச் சுவரை ஒட்டி உள்பக்கம் முழுநீள அலமாரி கட்டுங்கள், வெளியே ஒரு வேம்பு வையுங்கள், பெரிய ஜன்னலைத் தெற்குச் சுவருக்கு மாற்றுங்கள், மேலே இரண்டடி சன்ஷேட் போடுங்கள்.

இதே கேள்வியை அலெக்ஸாண்டரிடமும் கேட்க வேண்டும், விடக்கூடாது. அவருடைய 105-ஆவது பேட்டர்ன், திறந்தவெளி வீட்டுக்குத் தெற்கே இருக்கட்டும் என்கிறது. வெயில் படும் இடத்தைத்தான் மக்கள் பயன்படுத்துவார்கள் என்பது காரணம். பாலைவனத் தட்பவெப்பத்தை அவரே விலக்கு என்று சொல்லிவிடுகிறார். நம்மூர் பாலைவனம் இல்லை. ஆனால் இங்கே சூரியன் ஏப்ரல் கடைசியில் உச்சந்தலைக்கு வந்து, ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை மதியத்தில் சற்றே வடக்குப் பக்கமாக நிற்கிறது. பங்குனியிலிருந்து ஆவணி வரை நமக்கு வேண்டியது நிழல். அதனால் 105 நமக்கு ஆகாது. காரணத்தை அவர் எழுதி வைத்திருப்பதால்தான் ஆகாது என்று நம்மால் சொல்ல முடிகிறது.

#9 வாலாஜா வாத்தியார்

சரி தம்பி, புரிகிறது. எங்கள் தெருவில் இருந்த பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குறுக்கே நெருக்கி நிறுத்தி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு (தட்டையான மெல்லிய ஓடு). அந்தக் கனம்தான் வெயிலை மெதுவாக்கியது. இன்றைக்கு ஐந்து அங்குல ஸ்லாபின் மேல் தட்டோடு போடுவதைக்கூடச் செலவு என்று விட்டுவிடுகிறார்கள்.

#10 தாமரை, சத்துவாச்சாரி

எல்லாம் சரி, இதுவரை எழுதின யாரும் சமையலறைக்குள் வரவில்லையே. பட்டியலை ஆண்களே எழுதினால் இப்படித்தான்.

அலெக்ஸாண்டரின் 159-ஆவது பேட்டர்னைப் படித்தேன், ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பக்கமிருந்து வெளிச்சம். ஒரே பக்கம் ஜன்னல் உள்ள அறையில் கண் கூசும், எதிரே இருப்பவர் முகம் பாதி இருட்டில் இருக்கும், முகம் சரியாகத் தெரியாவிட்டால் பேச்சே ஒட்டாது என்கிறார். அவருக்கு நான்கு பக்கமும் மனை இருந்திருக்கும். எங்கள் மாமியார் வீடு கொசப்பேட்டையில், இரண்டு பக்கச்சுவரும் பக்கத்து வீட்டோடு ஒட்டி இருக்கும். முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் ஒரு கதவு. ஆனாலும் நடு அறையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கலாம். முற்றம் இருந்தது, அதனால்! தாழ்வாரத்தை ஒட்டிய ஒவ்வொரு அறைக்கும் இரண்டாவது வெளிச்சம் முற்றத்திலிருந்து வந்தது. அந்த ஊரில் பக்கச்சுவரில் வைத்ததை நம்மூரில் நடுவீட்டில் வைத்திருக்கிறார்கள். கேள்வி ஒன்றுதான்.

இப்போது ஏன் முற்றம் வைப்பதில்லை என்பதையும் எழுதுங்கள். மழை வந்தால் தாழ்வாரம் முழுக்கச் சாரல், கழுவித் துடைப்பது யார்? திருட்டுப் பயம். கொசு. பூனை இறங்கிப் பாலைக் குடித்துவிட்டுப் போகும். இந்த வேலை எல்லாம் பெண்கள் தலையில்தான். பழைய வீட்டை நினைத்து உருகுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. என் தங்கை புது வீட்டில் நாலுக்கு ஆறு அடியில் சின்ன முற்றம் வைத்தாள். மேலே கம்பி கிரில், அதற்கு மேல் இரண்டடி உயர்த்தி ஒரு பாலிகார்பனேட் கூரை. இடைவெளியைச் சுற்றிக் கொசுவலை. சூடு மேலே போய்விடுகிறது, மழை வருவதில்லை. இப்படி எழுதினால் ஒத்துக்கொள்கிறேன்.

#11 குடியாத்தம் மேஸ்திரி மகன்

அக்கா சொன்ன இரண்டடி இடைவெளி முக்கியம். பலர் அந்தக் கூரையைக் கிரில்லின் மேலேயே படிய வைத்து மூடிவிடுகிறார்கள். சூடு போக வழி இல்லாமல் அந்த இடமே அடுப்பாகிவிடும். நாலு பக்கமும் காற்று வெளியேற வேண்டும். மழைச்சாரலுக்குக் கூரை ஒன்றரை அடி வெளியே நீண்டிருக்க வேண்டும். முற்றத்துத் தரையை மற்ற இடத்தைவிட இரண்டு அங்குலம் இறக்கித் தண்ணீர் போக வாட்டம் கொடுங்கள். இதற்கு ஒரு நட்சத்திரம் போடலாம். இன்னும் நாலைந்து வீட்டில் பார்த்துவிட்டு இரண்டாவது.

#12 ராணிப்பேட்டை வாசி

நடுவில் வருகிறேன். திண்ணை, முற்றம் எல்லாம் வீட்டு எல்லைக்குள். எங்கள் தெருப் பிரச்சினைக்கு ஏதாவது சொல்லுங்கள். வீடு கட்டும்போது வாசல் ரோட்டைவிட இரண்டடி உயரம். ரோடு போடும் ஒவ்வொரு தடவையும் பழைய தார் மேலேயே புதுத் தார். இப்போது ரோடு வாசலைவிட உயரம். ஐப்பசி மழைக்குத் தண்ணீர் ஹாலில். பக்கத்து வீட்டுக்காரர் இடித்துவிட்டு நாலடி உயர்த்திக் கட்டினார். அவருக்கு ஏழு படி, படிகள் சாக்கடை மேல் ஏறி ரோட்டுக்கு வந்துவிட்டன. அவர் அம்மாவால் இறங்க முடியவில்லை, வீட்டோடு கிடக்கிறார். அவருடைய தண்ணீரும் சேர்ந்து இப்போது எங்கள் வீட்டுக்குத்தான். திண்ணை இருந்தது, ரோடு மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. உட்கார்ந்தால் பைக் சக்கரம் கண்ணுக்கு நேராகப் போகிறது.

#13 ஆம்பூர் நிரலர்

இந்தப் பதிவைப் படித்ததும் எனக்கு ஒன்று தெளிவாயிற்று, எழுதிவிடுகிறேன். இது வீட்டு மட்டத்தில் தீராது. ஒவ்வொரு வீடும் தனக்குச் சரியானதைச் செய்கிறது, உயர்த்துகிறது, தெரு கெட்டுப்போகிறது. பிரச்சினை ஒரு படி மேலே இருக்கிறது. சிங்கிள்டனிலும் இதுதான் நடக்கிறது. எந்தப் பகுதிக்கு எந்தப் பொருள் யார் மூலம் போய்ச் சேர வேண்டும் என்று மேல்மட்டத்தில் யாரும் முடிவு செய்யாததால், கீழே இருப்பவன் எங்கிருந்தும் எடுத்துக்கொள்கிற மாதிரி ஒன்றை வைத்துவிடுகிறான். அவன் மேல் குற்றம் இல்லை.

எங்கள் 23-க்குள்ளும் ஒன்றுக்கொன்று தொடர்பு சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில். அலெக்ஸாண்டருடையது ஏணி. 253-ஐயும் மேலிருந்து கீழே கட்டி வைத்திருக்கிறார். அதனால்தான் அவர் லாங்குவேஜ் என்றார், நம்மிடம் இருப்பது தொகுப்பு. 1996-ல் சான் ஹோசேயில் நிரலாளர்கள் மாநாட்டுக்கு அவரை அழைத்துப் பேசச் சொன்னபோது அவரும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டார்: உங்கள் பேட்டர்ன்கள் சேர்ந்து ஒரு முழுமையை உண்டாக்குகின்றனவா, அவற்றால் மனிதர் வாழ்க்கை மேம்படுகிறதா? இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகியும் எங்கள் பக்கம் அதற்கு நேரான பதில் வரவில்லை என்பது என் கருத்து.

ராணிப்பேட்டை நண்பரின் தெருவை எழுதாமல் திண்ணையை மட்டும் எழுதினால் அரைகுறை. நான் சேர்ந்துகொள்கிறேன்.

#14 காட்பாடி நிரலர்

ஆம்பூர் அண்ணா சொன்னதை ஏற்று, தெருவிலிருந்து தொடங்கும் வரைவு இது. குடியாத்தம் தம்பியும் நானும் போனில் பேசி எழுதியது.

மாறாத தெரு மட்டம்
பிரச்சினை: ரோடு ஒவ்வொரு முறையும் உயர்கிறது, வீடுகள் போட்டி போட்டு உயர்கின்றன, உயர்த்த வசதியில்லாத வீட்டில் தண்ணீர் நிற்கிறது.
காரணம்: பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே போடுவது ஒப்பந்தக்காரருக்கு மலிவு. அந்தச் செலவு தெருவில் உள்ள எல்லா வீட்டுக்கும் பிரிந்து போவதால் யார் கணக்கிலும் தெரிவதில்லை. எந்த மட்டம் சரி என்று காட்டத் தெருவில் ஒரு அடையாளமும் இல்லை.
ஆகையால்: தெருவின் இரண்டு முனையிலும், நகராட்சி ஒப்புதலோடு, மட்டம் குறித்த கல் ஒன்றைச் சுவரிலோ மின்கம்பத்தின் அடியிலோ பதியுங்கள். ரோடு போட வரும்போது தெருக்காரர்கள் அந்தக் கல்லைக் காட்டி, மேல் தாரைச் சுரண்டிய பிறகே போடச் சொல்லுங்கள். டெண்டர் நிபந்தனையில் சுரண்டும் வேலை இருக்கிறதா என்று வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கேளுங்கள். தெரு முழுக்கச் சேர்ந்து கேட்டால்தான் இது நடக்கும், தனி வீட்டால் முடியாது.
எங்கே பொருந்தாது: ஏரி உபரிநீர் போகும் வழியில் போட்ட மனைகள். அங்கே தண்ணீருக்கு வழி விட்டே ஆக வேண்டும், மட்டக்கல் காப்பாற்றாது.
கீழே: கிழக்குத் திண்ணை, கார் நிற்கும் திண்ணை, மூன்று படிக்கு மேல் இல்லாத வாசல்.
நம்பிக்கை: நட்சத்திரம் இல்லை. இன்னும் எந்தத் தெருவிலும் செய்து பார்க்கவில்லை.

ராணிப்பேட்டை நண்பரே, உங்கள் தெருவில் பேசிப் பார்க்க முடியுமா? அடுத்தது மொட்டைமாடி. தாமரை அக்கா எழுதுங்கள்.

#15 ராணிப்பேட்டை வாசி

எங்கள் சங்கத்தில் எட்டுப் பத்துப் பேர் வருவார்கள். கல் பதிக்கும் யோசனை பிடித்திருக்கிறது. மனு எழுதினால் இங்கே போடுகிறேன், திருத்திக் கொடுங்கள்.

#16 தாமரை, சத்துவாச்சாரி

எழுதிவிட்டேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆள் போகிற மொட்டைமாடி
பிரச்சினை: வடகம், மிளகாய், புளி காய வைக்கவும், கோடையில் ராத்திரி படுக்கவும் மாடி வேண்டும். ஆனால் புது வீடுகளில் மாடி என்றால் சின்டெக்ஸ் தொட்டியும் டிஷ் ஆன்டெனாவும் நிற்கிற இடம்.
காரணம்: மாடிப்படியை வாடகைக்காரருக்காக வெளியே வைக்கிறோம். சமையலறையிலிருந்து முறத்தோடு வாசலைச் சுற்றிப் போய் ஏற வேண்டியிருக்கிறது. ராத்திரி பெண்பிள்ளைகள் வெளிப்படியில் ஏறிப் படுக்கப் பயம். மேலே நிழல் ஒரு துளி இல்லை, காக்கையை விரட்ட உட்காரவும் முடியாது. குழாய் இல்லாததால் சாயங்காலம் தண்ணீர் தெளித்துத் தரையை ஆற்றவும் முடியாது.
ஆகையால்: வீட்டுக்குள்ளிருந்து, முடிந்தால் சமையலறைப் பக்கமிருந்து, ஒரு படி. படிக்கூண்டின் கிழக்கே ஆறடிக்கு ஓடோ கீற்றோ போட்ட நிழல், மதியத்துக்கு மேல் காவல் இருப்பவர் அதில் உட்காரலாம். கைப்பிடிச் சுவர் மூன்றரை அடி, காற்று வர நடுவே செங்கல் ஜாலி. ஒரு குழாய். தண்ணீர்த் தொட்டி மேற்கு ஓரத்தில், அதன் நிழலும் படுக்கிற தரைக்குப் பயன்படட்டும். தரைக்குத் தட்டோடு, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு கோடைக்கு முன்பு ஒரு தடவை.
எங்கே பொருந்தாது: மேலே இன்னொரு மாடி எடுக்க இருப்பவர்கள், தட்டோட்டை இப்போது போட வேண்டாம். பக்கத்தில் உயரமான அடுக்ககம் இருந்தால் படுக்கைக்கு ஆகாது, மறைப்பு இருக்காது.
மேலே: கூரைச் சூடு (வாத்தியார் ஐயா எழுத வேண்டும்). கீழே: சமையலறையில் உட்கார்ந்து வேலை செய்யும் இடம், அதை அடுத்து எழுதுகிறேன்.
நம்பிக்கை: படிக்கும் குழாய்க்கும் இரண்டு, மற்றதற்கு ஒன்று.